நம்ம ஊர்த் தெருவை நாள்தோறும் படமெடுக்க: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலில் ஒரு சந்திப்பில் நிற்கும் தலைவர் சிலையை 2014-ல் நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. படம் சுமார்தான். உச்சி வெயிலில் எடுத்ததால் தலைவரின் முகம் கறுத்துப்போய் மூக்கு மட்டும் மினுங்குகிறது. ஆனாலும் இதுவரை மூன்று பேர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மூவருக்கும் தலைவர் தேவைப்படவில்லை. சிலைக்குப் பின்னால், இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு ஓட்டுக்கூரை போட்ட ஒரு டீக்கடை தெரியும். அதற்காகத்தான் கேட்டார்கள். கடை இப்போது இல்லை; அந்த இடத்தில் கண்ணாடி முகப்பு வைத்த ஜவுளிக்கடை நிற்கிறது. டீக்கடைக்காரரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அப்பா கடையின் படம் வேறு எவரிடமும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். நான் அனுப்பியது அரைக் கடை. அன்றைக்கு இரண்டு எட்டு இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தால் முழுக் கடையும் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் படமெடுக்கும் முறையே மாறியது. முக்கடலில் சூரியோதயம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாகர்கோவில் வடசேரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி எப்படி இருந்தது என்று எடுத்து வைக்கத்தான் ஆள் கிடையாது. இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது: நம்ம தெரு, சந்திப்பு, சிலை, வீடு, கடை, குருசடி (சிலுவை வைத்த சிற்றாலயம்), கல்மண்டபம் ஆகியவற்றைத் தினமும் கொஞ்சம் எடுத்து, பத்து வருடம் கழித்தும் பயன்படுகிற மாதிரி வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பதைச் சரி செய்யுங்கள்

கேமரா வாங்க வேண்டாம். போன் போதும். ஆனால் நான்கு காரியங்களை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை (கிரிட்) போட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் சாயாமல் எடுக்க அதுதான் துணை. படத்தின் விகிதத்தை நாலுக்கு மூன்று என்று வையுங்கள். பதினாறுக்கு ஒன்பது என்றால் பெரும்பாலான போன்களில் மேலும் கீழும் வெட்டிப்போட்ட படம்தான் கிடைக்கும். இடக்குறிப்பை (லொகேஷன்) இயக்கி வையுங்கள். நான்காவது, தேதியும் நேரமும். போன் தானாகப் பார்த்துக்கொள்ளும். தனிக் கேமரா பார்த்துக்கொள்ளாது. என் பழைய கேமராவில் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. ஏழு மாதப் படங்கள் எல்லாம் கேமரா பிறந்த வருடத்து ஜனவரி முதல் தேதியிலிருந்து வரிசையாக நிற்கின்றன. சுவரொட்டிகளையும் கடை விளம்பரங்களையும் பார்த்து ஒவ்வொன்றாகத் தேதி கண்டுபிடித்தேன். பாதிக்கு மேல் இன்றும் முடியவில்லை.

நம்ம மாவட்டத்துக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு: உப்புக்காற்றும் ஈரமும். முட்டம், மணக்குடி, குளச்சல் பக்கம் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸில் மெல்லிய உப்புப் படலம் ஏறிவிடும். படத்தில் எல்லாம் புகை மூட்டினாற்போல் வரும். வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சட்டை நுனியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரம் செய்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதைத் தோல் பையில் போட்டு அலமாரியில் மூடி வைக்கவே வேண்டாம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள் ஈரம் நிற்கும். என் லென்ஸ் ஒன்றில் சிலந்திவலை மாதிரி பூசணம் படர்ந்தது அப்படித்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், இவ்வளவு போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். தவிட்டுத் தூசி உள்ளே போகும், கேட்காதீர்கள்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் எட்டு பாகை. இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். நட்ட கம்புக்கு நிழல் இராது. இந்த இரண்டுக்கும் நடுவே, அதாவது மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டில், மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே.

படமெடுப்பவருக்கு இதில் என்ன? வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் டிசம்பரில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாலும் நேர்வெயில் விழாது. அதே வீட்டுக்கு ஜூனில் போனால் காலையும் மாலையும் முகப்பில் வெயில் சாய்வாக விழும். தெற்குப் பார்த்த முகப்புக்கு இது நேர்மாறு. ஆகவே உங்கள் தெருவில் எந்தக் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், எந்த மாதம் எதை எடுப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். கிழக்குப் பார்த்தவற்றுக்குக் காலை ஏழு முதல் எட்டரை. மேற்குப் பார்த்தவற்றுக்கு மாலை நாலரைக்குப் பிறகு. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பேசாமல் சோறு உண்டு ஒறங்கலாம்.

மேகம் மூடிய நாளைக் குறை சொல்லாதீர்கள். நம்ம பழைய வீடுகளில் இறவாரம் நன்றாகக் கீழிறங்கி இருக்கும். வெயில் நாளில் கூரை வெளுத்து, திண்ணை இருட்டாகி, இரண்டில் ஒன்றுதான் தெரியும். ஜூன் மாதச் சாரல் விட்ட ஒரு காலையில் திண்ணை, தூண், கதவுச் செதுக்கு எல்லாம் ஒரே அளவில் தெரியும். நான் எடுத்த நல்ல வீட்டுப் படங்களில் முக்கால்வாசி இடவப்பாதி மழைக் காலத்தவைதான்.

கட்டடம்: நேராக நில், மூன்று தூரம், பிறகு கிட்டே

கட்டடம் உயரமாக இருக்கிறதே என்று போனை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் இரண்டும் மேலே போய்க் கூடிக்கொள்ளும். வீடு பின்னால் மல்லாக்கச் சாய்கிற மாதிரி இருக்கும். போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேல்பகுதி வெட்டுப்பட்டால் பின்னால் நகருங்கள். தெரு ஒடுக்கம், நகர இடமில்லை என்றால் எதிர்க் கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏறக் கேளுங்கள். அகலக்கோண லென்ஸைக் கடைசி வழியாக வையுங்கள். அதில் ஓரங்கள் இழுபட்டு, ஒல்லியான தூண் தடியாகத் தெரியும்.

ஒரு கட்டடத்துக்கு மூன்று படமாவது வேண்டும். முதலாவது, பக்கத்துக் கட்டடங்களும் மின்கம்பமும் சாலையும் சேர்ந்த அகலப் படம். மின்கம்பியும் நிறுத்தி வைத்த பைக்கும் அழகைக் கெடுக்கிறது என்று ஒதுக்காதீர்கள். பத்து வருடம் கழித்து எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பைக்கைத்தான். இரண்டாவது, முகப்பு மட்டும், நேர் எதிரே நின்று. மூன்றாவது நுணுக்கம்: முகப்புப் பலகையின் செதுக்கு, சன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், தூணின் அடிக்கல், திண்ணை ஓரத்துச் சாய்வு.

நுணுக்கத்தில் நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வீடு, கடை, சபைக் கட்டடங்களின் முகப்பில் சுதையில் ஒரு எண் புடைத்திருக்கும்: 1098, 1105, 1112 என்று. வெளியூர்க்காரர்கள் ஆயிரம் வருடப் பழமை என்று மலைத்துப்போவார்கள். அது கொல்லம் ஆண்டு, மலையாள ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தவர்கள். இங்கே கணக்கு அதில்தான் ஓடியது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால், எண்ணோடு 824 கூட்டினால் அந்த ஆவணி முதல் டிசம்பர் வரை. 825 கூட்டினால் அடுத்த ஜனவரி முதல் ஆவணிப் பிறப்பு வரை. 1112 என்று கண்டால் 1936–37 என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை முதலில் எடுத்துவிடுங்கள். வீட்டை இடிக்கக்கூட வேண்டியதில்லை, அடுத்த வெள்ளையடிப்பிலேயே அது மூழ்கிப் போகும்.

கூரை பிரிக்கிற வீட்டைக் கண்டால் நின்று பாருங்கள். கீழே அடுக்கி வைத்த ஓடுகளின் அடிப்புறத்தில் அதைச் செய்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சாகப் பதிந்திருக்கும். கொத்தனாரிடம் கேட்டால் ஒன்றைத் திருப்பிக் காட்டுவார். ஒரு ஓட்டின் படம் அந்த வீட்டுக் கூரைக்கே அடையாளச் சீட்டு.

சிலை: முகம், பீடம், கம்பிக்கூண்டு

சிலையில் எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான். பின்னால் வெளுத்த வானம், முன்னால் கறுத்த முகம். போன் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரையில் சிலையின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். இன்னும் நல்லது, பின்னால் மரமோ கட்டடமோ வருகிற மாதிரி நகர்ந்து நிற்பது. வெண்கல நிறப் பூச்சுக்கு மேகவெளிச்சம். கருங்கல்லுக்குச் சாய்ந்த வெயில்.

பிறகு பீடம். பீடத்துக் கல்லில் யார் எப்போது திறந்து வைத்தார் என்று வெட்டியிருக்கும். எழுத்துக்குள் பூசிய நிறம் போயிருந்தால் நேர்வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வெயில் பக்கவாட்டிலிருந்து வருடிக்கொண்டு போகிற நேரத்தில் எடுத்தால் வெட்டெழுத்தில் நிழல் விழுந்து எல்லாம் வாசிக்கலாம். சாயங்காலம் இருட்டிய பிறகு ஒருவர் டார்ச் விளக்கைக் கல்லின் பக்கத்தில் சுவரோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் நேரே நின்று எடுப்பது அதைவிட எளிது. கோவில் மண்டபக் கல்வெட்டுக்கும், சாலையோரச் சுமைதாங்கிக் கல்லில் உள்ள பெயருக்கும் இதே வழிதான். எழுத்தின் மேல் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது.

சிலைக்கும் அன்றாடம் உண்டு. வடசேரி அண்ணா சிலையை அவர் பிறந்தநாளான செப்டம்பர் 15-ல் பாருங்கள், ஏணியும் ஆளுயர மாலையுமாக இருக்கும். பதினாறாம் தேதி போய் அதே இடத்தில் நின்று வாடின மாலையை எடுங்கள். மணிமேடைச் சந்திப்பில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிற்கிறார், அவருக்கு நவம்பர் 29. காமராசருக்கு ஜூலை 15. தேர்தல் அறிவித்த மறுநாள் துணி சுற்றி மூடிய தலைவர்கள், சச்சரவுக்குப் பிறகு திடீரென்று முளைத்த கம்பிக்கூண்டு, கூண்டுக்குள் கூடு கட்டிய காக்கை என்று வருடம் முழுக்க ஒரே சிலையை எடுக்கலாம், சலிக்காது.

கேட்டு எடுப்பது

இதில் நான் பட்ட பாடு அதிகம். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டு முகப்பை எதிர்ப்புறம் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

“பிள்ளே, நீ ஹைவேஸ்ல இருந்தா வாற? ரோட்டுக்கு எடுக்கப் போறானுவளா?”

“இல்ல பாட்டா, சும்மா படம் எடுக்கேன்.”

“சும்மாவா? சும்மா எவனாவது சுவரப் படம் புடிப்பானா?”

நாற்கரச் சாலைக்கு நிலம் போன ஊர்களில் வீட்டைப் படமெடுப்பவன் ஒன்று அதிகாரி, இல்லையென்றால் தரகர். மூன்றாவது சாதி அவர்களுக்குத் தெரியாது. முன்பு எடுத்த நாலு வீடுகளைப் போனில் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவர், “இதெல்லாம் என்ன வீடு, உள்ள வா” என்று கூட்டிப்போய்த் தூணைத் தட்டிக் காட்டினார். “இது ஒத்தப் பிலாவுல கடைஞ்சதாக்கும். ஒட்டு கிடையாது.” கட்டன் சாயாவும் கிடைத்தது. அன்றிலிருந்து போனில் ‘காட்டுவதற்கு’ என்று ஒரு தொகுப்பு தனியாக வைத்திருக்கிறேன், இருபது படம் அளவுக்கு. எந்த விளக்கத்தையும்விட அதுதான் வேலை செய்கிறது.

எடுத்த படத்தை அடுத்த முறை போகும்போது ஒரு பிரதி அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். இருபது முப்பது ரூபாய்ச் செலவு. அந்தத் தெரு முழுக்க உங்களுக்குத் திறந்துவிடும். கடற்கரை ஊர்களில் ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து எடுக்காதீர்கள். வியாபாரம் முடிந்து வலை பின்னிக்கொண்டிருக்கிற நேரத்தில் கேளுங்கள், சிரித்துக்கொண்டே நிற்பார்கள். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது. துணி துவைக்கும் படித்துறை, குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

கோவில் உட்பிரகாரங்களில் படம் எடுக்க விடமாட்டார்கள். தேர்வீதி, தெப்பக்குளம், கோபுரம் வெளியிலிருந்து தாராளம். மணவாளக்குறிச்சி மணல் ஆலை அணுசக்தித் துறையினுடையது. அதன் மதில் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் எந்த இடத்தில் பறக்கலாம் என்று அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பிறகு கையில் எடுங்கள். எனக்கு ட்ரோன் மேல் பெரிய மதிப்பு இல்லை. தெருவை யாரும் மேலேயிருந்து பார்த்து வாழ்வதில்லை.

எங்கே தொடங்குவது

நாகர்கோவில்காரர் என்றால் வடசேரியில் தொடங்கி மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம், கோட்டார் என்று ஒரே காலையில் நடந்துவிடலாம். மணிமேடைக் கடிகாரக் கோபுரம் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தது, 1890-களின் தொடக்கத்தில் கட்டியது. அதைத் தனியாக எடுக்காதீர்கள்; அடியில் சுற்றிப்போகும் பேருந்தின் வழித்தடப் பலகை வாசிக்கிற மாதிரி எடுங்கள். பெயர்ப்பலகைகள்தான் காலத்தைச் சொல்லும். ‘நாகர்கோவில் நகராட்சி’ என்று பலகை இருந்தால் 2019-க்கு முன் மாட்டியது. ‘மாநகராட்சி’ என்றால் அதற்குப் பின். கோட்டார் சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-ல் நிறைவடையும். பந்தல் போடுகிற நாளும் பிரிக்கிற நாளும்தான் எனக்குப் பிடித்தவை. விளக்கு அலங்காரத்தை ஊரே எடுக்கும். நாகராஜா கோவிலின் கருவறைக் கூரை இன்றும் ஓலை வேய்ந்தது, வருடந்தோறும் புதுப்பிக்கிறார்கள். இந்தக் கோவில் தூண்களில்தான் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள், சமணம் இங்கே இருந்ததற்குச் சாட்சியாக. உள்ளே படம் கூடாது என்றால் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால் மாவட்டத்தில் நடக்க மிக நல்ல இடம் பத்மநாபபுரம். அரண்மனையைச் சொல்லவில்லை. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். அதன் மரவேலையையும் முகம் தெரிகிற கறுத்த தரையையும் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த அரண்மனையைச் சுற்றி ஒரு கருங்கல் கோட்டை இருக்கிறது, கோட்டைக்குள் ஒரு ஊரே இருக்கிறது. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு, ராஜா இல்லாமல் தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிற ஊர். சுற்றுலாப் பேருந்து அரண்மனை வாசலில் நிற்கும், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். நீலகண்டசுவாமி கோவில் தெருக்கள் அப்படியே காலியாகக் கிடக்கும். ஒரு காலை முழுக்க அங்கே செலவழித்தேன். ஒரு திண்ணையில் தூண் மரம், அதன் பக்கத்துத் தூண் சிமெண்ட், மூன்றாவது வெறும் இரும்புக் குழாய். மூன்று தலைமுறை பழுது பார்த்த கணக்கு ஒரே வரிசையில் நிற்கிறது. அந்தப் படத்துக்கு வெயிலும் வேண்டாம், நேரமும் வேண்டாம். நின்று பார்க்கிற பொறுமைதான் வேண்டும். திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவராக இருந்த டச்சுக் கம்பெனிப் படைக்காரர். கல்லறைக் கல்லில் தமிழும் லத்தீனும் இருக்கின்றன. டார்ச் வெளிச்சப் பழக்கத்துக்கு நல்ல பாடம்.

சுசீந்திரத்தில் ஏழு நிலைக் கோபுரம் கிழக்குப் பார்த்தது, காலையில் போங்கள். மார்கழித் திருவிழாவில் தேர்வீதி வீடுகளின் வாசல்களை எடுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே நின்று எல்லோரும் எடுக்கிறார்கள். பறளியாற்றங்கரையில் இறங்கித் தூண்களின் அடியிலிருந்து எடுத்தால்தான் உயரம் புரியும். சிதறால் மலையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் ஆழமில்லாதவை, சாய்ந்த வெயில் கட்டாயம்.

கடலோரத்தில் கோவளம் தொடங்கி நீரோடி வரை ஒவ்வொரு ஊரிலும் தெருமுனைக் குருசடிகள் உண்டு. திருவிழாவுக்கு முந்தின வாரம் புதுப் பூச்சு அடிப்பார்கள்; நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். பூச்சுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஐந்து வருடம் எடுத்தால் ஒரு குருசடியின் நிற வரலாறே கிடைக்கும்.

கன்னியாகுமரியில் ஒரே ஒரு சேதி. வள்ளுவர் கரையைப் பார்த்து நிற்கிறார். காலையில் கரையிலிருந்து எடுத்தால் வெறும் நிழலுருவம். மாலையில்தான் முகத்தில் வெயில். 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி. கணபதி ஸ்தபதி வடித்தது, திறந்தது 2000 ஜனவரி 1. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் வள்ளுவர் பாறைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே வெறும் கடல் தெரிகிற படம் இனி எவராலும் எடுக்க முடியாது. 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது. உங்கள் பழைய சுற்றுலாப் படங்களில், சித்தப்பா தொப்பி வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பின்னால், அந்த இடைவெளி இருக்கும். தேடி எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம்

எடுப்பதைவிட இது முக்கியம், இதைத்தான் யாரும் செய்வதில்லை. அன்றைய படங்களில் மூன்றோ நாலோ தேர்ந்து, அன்றைக்கே பெயர் மாற்றுங்கள். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, இடம், பொருள்: ‘2025-06-14 வடசேரி சந்தை வடக்கு வாசல்’. வருடம் முன்னால் இருந்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

கூடவே ஒரு நோட்டில் இரண்டு வரி. படத்தில் தெரியாததைத்தான் எழுத வேண்டும். ‘செட்டிகுளம் சந்திப்பு, கிழக்கு நோக்கி. வலப்பக்கம் மூடின கடை முன்பு சைக்கிள் வாடகைக் கடை. வீட்டுக்காரர் இடிக்க ஆள் பேசியிருப்பதாகப் பூக்கடை அக்கா சொன்னார்.’ இடத்துக்கு ஊர் மக்கள் வழங்கும் பெயரை எழுதுங்கள். நாம் மணிமேடை என்போம். வெளியூர்க்காரர் மணிக்கூண்டு என்று தேடுவார். இரண்டையும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சிறுத்துப்போகும். எடுத்த தேதி, இடக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். நண்பர்களிடமிருந்து பழைய படம் வாங்கும்போது ‘ஆவணமாக அனுப்பு’ என்று சொல்லுங்கள். மூன்று பிரதி வையுங்கள்: போன், வீட்டில் ஒரு வன்வட்டு, வேறொரு ஊரில் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. ஒகிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எத்தனை வீடுகளில் கூரை போய் ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின என்று நமக்குத் தெரியும்.

அதே இடம், அடுத்த வருடம்

பத்து இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம், தாங்காது. ஒவ்வொன்றிலும் எங்கே நின்றீர்கள் என்று அசையாத அடையாளத்தோடு எழுதுங்கள். மின்கம்பம் நம்பிக்கையில்லை, சாலை அகலமானால் முதலில் நகர்வது அதுதான். ‘கோவில் குளத்தின் தென்மேற்குப் படி, மேலிருந்து இரண்டாவது’ என்பது நல்ல குறிப்பு. அடுத்த வருடம் அதே மாதம், அதே நேரம், அதே உருப்பெருக்கத்தில், போன வருடப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, ஏதாவது இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று வருகிறவரை முன்னும் பின்னும் நகருங்கள். முதல் வருடம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மூன்றாவது வருடம் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் வருவதற்கு முன் அப்படி வருடா வருடம் எடுத்தவர் யாராவது இருந்தால், அந்தத் தொகுப்புக்கு நான் சாப்பாடு போட்டுக் கேட்பேன்.

வெளியிடும்போது

பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுக்கவும் வெளியிடவும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சிற்பியிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை. சுவர் ஓவியம், சினிமா பேனர், சுவரொட்டி ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை தெருப் படத்தில் ஓரமாக வந்தால் பரவாயில்லை. அதை மட்டும் நெருக்கிப் பிடித்து உங்கள் படமாகப் போடாதீர்கள். எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் விக்கிமீடியா பொதுவகத்தில் உரிமக் குறிப்போடு ஏற்றலாம். உங்கள் பெயர் படத்தோடு போகும். விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டியவர்களின் படங்களை அவர்களிடம் சொல்லாமல் ஏற்ற வேண்டாம். இடக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

தக்கலைப் பாட்டாவின் வீட்டை நான் இன்னும் எங்கும் ஏற்றவில்லை. கேட்டபோது, “நான் இருக்கது வர வேண்டாம் பிள்ளே, பொறவு என்ன வேணா செய்யி” என்றார். தூணின் படத்தை மட்டும் அச்சடித்துத் தரச் சொன்னார், இரண்டு பிரதி. ஒன்று தனக்கு, மற்றது அந்தத் தூணைக் கடைந்த ஆசாரியின் பேரனுக்கு.